எதிர்வீட்டில் இருந்த மருந்துச் சட்டி

யுக்-சானின் மண்சட்டி எதிர்வீட்டில் இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், வய்-குவென் தன் கணவனுக்கு மூலிகைத் தேநீர் காய்ச்ச வாங்கிக்கொண்டு போன சட்டி. அந்த மனுஷன் தேறி எழுந்து, இப்போது பூங்காவில் சதுரங்கம் ஆடிக்கொண்டு எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறார். சட்டியை மட்டும் வய்-குவென் திருப்பித் தரவில்லை. தரவும் கூடாது. மருந்துச் சட்டியைத் திருப்பிக் கொடுப்பது, நோயைக் கொண்டுபோய் அடுத்தவர் வாசலில் இறக்குவதற்குச் சமம். சட்டிக்காரர் வீட்டில் யாராவது படுத்தால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். சீனாவின் குவாங்சௌ நகரில், அந்தப் பழைய குடியிருப்பில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இப்போது படுத்தது யுக்-சானின் கணவர் காம்-விங். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நுரையீரலில் கட்டி. மூன்றாவது கீமோ ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்துவிட்டன. அவை ஏறினால்தான் அடுத்த ஊசி. எதிர்ப்பு சக்திக்குத் தேநீர் காய்ச்சித் தரலாமா என்று யுக்-சான் கேட்டதற்கு, "கொஞ்சமா குடிக்கட்டும். அதையே நம்பி இருந்துடாதீங்க" என்றார் டாக்டர். முதல் பாதிதான் அவள் காதில் ஏறியது.

வோங்கெய் என்ற மருந்து வேரும் உலர்ந்த சிவப்பு இலந்தையும் வாங்கி வந்தாள்.

"போய்ச் சட்டியை எடுத்துட்டு வர்றேன்."

"போகாதே. நீ அந்தப் படியை மிதிச்சா சாயங்காலத்துக்குள்ள பூங்கா முழுக்கத் தெரிஞ்சுடும். அப்புறம் அவ புருஷன் பாவம் பார்த்து வேணும்னே என்கிட்ட தோப்பான். அதுக்கு நான் போய்ச் சேர்ந்துடலாம்."

"எவர்சில்வர் பாத்திரத்துல காய்ச்சினா வேரோட சத்து போயிடும்யா."

"என் நாக்குக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அவள் போகவில்லை. அவருக்கு வீம்பு. அவளுக்குப் பயம், சட்டியை எடுத்து வந்துவிட்டால் நோய் உண்மையாகிவிடும் என்ற பயம். சூப் வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்திலேயே காய்ச்சினாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர், "டீசல் தேவலை" என்றார்.

"வாயை மூடிக்கிட்டுக் குடிய்யா, கிழவா."

அந்த டிசம்பர் முழுக்க எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கம்பிக் கதவைக்கூடப் பூட்டவில்லை. "இந்தக் குளிர்ல திறந்து போட்டிருக்காளே, பைத்தியமா அவளுக்கு?" என்றார் காம்-விங். யுக்-சானும் சிரித்தாள். வய்-குவென் எதையாவது கேட்டுவிடப் போகிறாளே என்று, போகும்போதும் வரும்போதும் குனிந்த தலை நிமிராமல் கடந்தாள்.

அணுக்கள் ஏறவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. சீனப் புத்தாண்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது காம்-விங் போய்விட்டார்.

துக்க வீட்டுக்காரி அடுத்தவர் படி ஏறக் கூடாது. நாற்பத்தொன்பது நாள் யுக்-சான் சுவரோடு பேசிக்கொண்டு கிடந்தாள். ஐம்பதாம் நாள் காலை, தன் கதவைத் திறந்தவள் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி எதிர்வீட்டைப் பார்த்தாள். அந்தக் கதவு அப்போதும் திறந்திருந்தது. உள்ளே, செருப்பு அலமாரியின் மேல், கை எட்டும் தூரத்தில் அவளுடைய சட்டி. கழுவித் துடைத்து, மூடியைச் சிவப்பு நூலால் கட்டியிருந்தது.

வய்-குவென் சமையலறையிலிருந்து வந்தாள். நின்றாள்.

"வேர் வாசனை உங்க வீட்லேர்ந்து வந்த அன்னிக்கே எடுத்து வச்சுட்டேன், அக்கா. நானா கொண்டுவந்தா உங்க வீட்டுக்கு ஆகாதே. நீங்க கேக்கக்கூட வேண்டாம், கையை நீட்டி எடுத்துட்டுப் போகலாம்னு கதவைத் திறந்தே போட்டிருந்தேன். நீங்க குனிஞ்சுக்கிட்டே போனீங்க."

அந்தச் சட்டி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? டாக்டரைக் கேட்டால் இல்லை என்பார். ஆனால் யுக்-சான் இனி ஆயுசுக்கும் கேட்கப்போவது டாக்டரை அல்ல, தன்னைத்தான்.

"இப்பவாவது எடுத்துக்கோங்க, அக்கா."

"யாருக்குக் காய்ச்ச?"

எதிர்வாசல்வரை போய், கையை நீட்டிச் சட்டியின் மூடியை ஒருமுறை தொட்டாள். எடுக்கவில்லை.

"கதவைச் சாத்திக்கோம்மா. ஈரக்காத்து உள்ளே வருது."

திரும்பித் தன் வீட்டுக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்கவே இல்லை.