புழு போன வழி

அன்று காலை நூலகத்தின் படியேறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு ஜெயிக்கப்போவது தான்தான் என்று. அக்கா பிரித்துத் தைத்துக் கொடுத்த கோட்டு மட்டும் தோளில் கொஞ்சம் பிடித்தது. எட்டு வருஷம் உட்கார்ந்த இடத்திலேயே படித்துக்கொண்டிருந்தால் கோட்டு பிடிக்காமல் என்ன செய்யும்?

அந்த எட்டு வருஷமும் ஒரே ஓர் ஆளுக்காக. நானூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி; வேதாகமத்துக்கு உரை எழுதிப் பேர் வாங்கியவர். அவர் காலத்தில் வேறொருவன் ஒரு புத்தகம் போட்டான். வேதாகமத்தைக் கையால் படியெடுத்து வந்தவர்கள் வழிநெடுகப் பிழை செய்திருக்கிறார்கள், பழைய பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்தவேண்டும் என்று அதில் வாதாடியிருந்தான். திருச்சபை அதைத் தடை செய்தது. துறவி அதற்கு ஒரு மறுப்பு எழுதினார்.

அந்த மறுப்பைப் பற்றித்தான் சண்டை. மனுஷன் தடைசெய்த புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்துவிட்டார் என்பது படித்தவர்கள் கட்சி. இல்லை, வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னார் என்பது அவள் கட்சி. அவள் கட்சியில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் அடிக்குறிப்பு ஐயா. மாணவர்கள் வைத்த பேர் அது. காபி வேண்டுமா என்று கேட்டால்கூட ஆதாரத்தோடு பதில் சொல்கிற பேராசிரியர். படிக்காமல் மறுத்த துறவியின் கதையைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷமாகப் பேரும் புகழுமாக இருப்பவர். அவளுடைய முனைவர் பட்டத் தேர்வாளர் மூன்று பேரில் அவர்தான் மூத்தவர். அவர் தலையசைக்காமல் மற்ற இருவரும் தும்மக்கூட மாட்டார்கள்.

முதல் தடவை இதே தேர்வில் அவள் மண்ணைக் கவ்வினாள். இந்த நூலகத்தின் கீழ்த்தளத்தில் துறவியின் உரைநூல் இருந்தது, அவரே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த சொந்தப் பிரதி. மாடியில், பூட்டிய அறையில், தடைசெய்த புத்தகம் இருந்தது. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே அட்டைக்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன என்று அவளுக்குச் சந்தேகம். கட்டுக்கூலியை மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்கள். பிற்காலத்தில் வந்த எவனோ ஒரு நூலகக்காரன், ஒழுங்கு ஒழுங்கு என்று அலைந்தவன், சேர்ந்திருந்ததை அறுத்துத் தனித்தனியாகக் கட்டி, நல்லதைக் கீழேயும் கெட்டதை மேலேயும் வைத்துவிட்டான்.

ஆனால் காகிதம் தின்கிற புழுவுக்கு எது நல்லது, எது தடைசெய்தது என்று என்ன தெரியும்? அது பாட்டுக்கு நேரே துளைத்துக்கொண்டு போகும். ஒன்றின் கடைசித் தாளில் உள்ள ஓட்டைகள் மற்றதன் முதல் தாளிலும் அதே இடத்தில் இருக்கவேண்டும். இரண்டையும் கண்ணாடித்தாளில் வரைந்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, தேர்வாளர்கள் முன் வைத்தாள். ஓட்டைகள் ஒரு விரல் அகலம் விலகி நின்றன.

“புழுகூட உங்க பக்கம் இல்லையேம்மா,” என்றார் அடிக்குறிப்பு ஐயா. மூன்று பேரும் சிரித்தார்கள். இன்னும் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதுவும் போனால் பட்டம் போகும். பட்டத்தை நம்பியிருந்த கல்லூரி வேலையும் போகும். துறவி இன்னொரு நானூறு வருஷத்துக்குப் பொய்யராகவே கிடப்பார்.

வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதாள். அக்கா சமாதானமெல்லாம் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்காவது மூச்சுவிட்டுப் பேசட்டும் என்று கோட்டை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

“தையல முழுசா பிரிச்சுட்டேன்டி. நைஞ்ச ஓரத்தையும் வெட்டி எறிஞ்சாச்சு. இந்தப் பழைய ஊசி ஓட்டை மட்டும் போவேனாங்குது பாரு.”

அவள் அழுகை சட்டென்று நின்றது. கோட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

அட மண்டூகமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புத்தகத்தை மறுபடி கட்டுகிறவன் முதலில் என்ன செய்வான்? அழுக்கேறிய ஓரத்தைக் கத்தி வைத்துச் சீவுவான். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம், இரண்டிலும் ஒரே அளவாகவா சீவியிருப்பான்? அவளோ வெட்டுப்பட்ட ஓரத்தை நம்பி அளந்திருக்கிறாள்! எழுத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் செய்கிற தப்பு அது. தாள் மடிகிற முதுகுப் பக்கம் எந்தக் கத்தியும் போகாது. முதலில் தைத்த ஊசியின் ஓட்டைகள் அங்கே அப்படியே இருக்கும்.

“அக்கா, உனக்குச் சிலை வைக்கணும்!”

“முதல்ல இதப் போட்டுப் பாரு. சிலைய அப்புறம் வைக்கலாம்.”

மறுநாளே போய், ஊசி ஓட்டைகளையும் சேர்த்துப் புதிதாக வரைந்தாள். அப்படி வரையும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதை அக்காவிடம்கூட மூச்சுவிடவில்லை.

இப்போது தேர்வாளர்கள் நூலகத்தின் வாசிப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு புத்தகங்களும் மேசைமேல், பழம்புத்தகம் வைக்கிற சிறு மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கண்ணாடித்தாள்களை அவள் அடிக்குறிப்பு ஐயாவின் கையிலேயே கொடுத்தாள்.

“நீங்களே வைங்க ஐயா. இந்தத் தடவை ஓரத்தப் பார்க்க வேண்டாம். தையல் ஓட்டையோட தையல் ஓட்டையச் சேருங்க.”

அவர் சேர்த்தார். புழு ஓட்டைகள் ஒன்றுவிடாமல் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. “அடேயப்பா!” என்றார் இரண்டாவது தேர்வாளர், பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையே மறந்து.

அடிக்குறிப்பு ஐயா லேசில் விடுகிற ஆளா? “சரிம்மா. ரெண்டும் ஒரே அட்டைக்குள்ள இருந்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எப்போ? துறவி செத்து நூறு வருஷம் கழிச்சு எவனாவது சேர்த்துக் கட்டியிருந்தா?”

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

துறவியின் பிரதியில் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அதில் அவர் கைப்பட எழுதிய குறிப்பு இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: ‘இரண்டு முறை படித்தேன். எழுதியவன் மூடன் அல்லன். முறையாகப் பதில் சொல்லியாகவேண்டும்.’ கிழவர் தள்ளாத வயதில் தன் புத்தகத்தைத் தானே மெச்சிக்கொண்டார் என்று இதைப் பற்றி அடிக்குறிப்பு ஐயா ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறார்.

“அவருக்கு அவசரம் ஐயா. மை காயறதுக்குள்ள புத்தகத்த மூடிட்டார்,” என்றாள். தடைசெய்த புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, வெளிறிய பழுப்புத் திட்டு ஒன்றைக் காட்டினாள். “இத ஈரக் கறைன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. ரெண்டு தாளையும் பொருத்தினா, இது சரியா அந்தக் குறிப்புக்கு மேலதான் வருது.”

கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் கறைக்கு நேரே கண்ணாடியைப் பிடித்துக் குனிந்தார். இடவலம் மாறிக் கிடந்த கோடுகள் கண்ணாடிக்குள் எழுத்தாக நேராயின. “எழுதியவன்...” என்று உரக்க வாசித்தார். கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். “எழுதியவன் மூடன் அல்லன்.”

துறவி எழுதும்போது அவருக்கு எதிர்ப்பக்கத்தில் திறந்திருந்தது தடைசெய்த புத்தகம்தான். மெச்சியது தன்னை அல்ல, தன் எதிரியை.

அடிக்குறிப்பு ஐயா மறுபடி வாசித்தார், இந்தத் தடவை மனசுக்குள். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“முப்பது வருஷம்! முப்பது வருஷமா இந்த மனுஷன தற்பெருமைக்காரன்னு பாடம் நடத்தியிருக்கேன்!” கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். “புழு உங்க பக்கம்தான்மா. இனி நானும்.” முதல் கையெழுத்து அவருடையதுதான். மற்ற இருவரும் முந்தியடித்துக்கொண்டு போட்டார்கள்.

அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். பட்டத்துக்காக மட்டுமில்லை, நானூறு வருஷப் பழி ஒன்று அவள் கண்ணெதிரே கழன்று விழுந்திருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நடைக்கு ஓடிவந்தாள். அங்கே காத்திருந்து பெஞ்சிலிருந்து எழுந்த அக்காவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தலைக்குமேலே தூக்கினாள். அக்குள் பக்கம் டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

“அடிப்பாவி, தையல் விட்டுப்போச்சு!” என்று அக்கா பதறினாள்.

“விடட்டும்க்கா,” என்றாள் அவள், கையைக் கீழே இறக்காமலே. “ஓட்டை இருக்குல்ல, அது போதும்!”