பழனியப்பன் மற்றும் பலர்

1

இந்தக் கதை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றில் எனக்குக் கிடைத்தது. எதிரில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த தோழி, "நான் மூணு ஆளு, அக்கா" என்றாள். அவள் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர். கதை எழுதுகிறவர்கள் முன்னால் இப்படியெல்லாம் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

நுண்ணோக்கியின் கீழே உயிரணுக்கள் ஒளிர்ந்தபோது லோகேஸ்வரியின் மனம்

(வேண்டாம். அவள் பாதி நாள் மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறாள். ஒளிர்வது கணினித் திரை மட்டும்தான்.)

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். தோழி லோகேஸ்வரியின் பிறப்புப் பத்திரத்தில் அவள் பெயர், பிறகு மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் 'ஏ/பி', பிறகு அப்பா பழனியப்பனின் பெயர். நம் ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான். ஆனால் ஆய்விதழ்களின் கணினிக்குக் கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர். அதனால் டிங்கி காய்ச்சல்* பற்றி அவள் எழுதிய முக்கியமான கட்டுரையை உலகம் 'பழனியப்பன் மற்றும் பலர்' என்று மேற்கோள் காட்டுகிறது. இன்னும் சில கட்டுரைகள் 'ஏ. பி. பழனியப்பன்' கணக்கில் போய்விட்டன. மகள் என்ற சொல்லே தலைப்பெழுத்தாகிவிட்டது. மிச்சம் கொஞ்சம்தான் லோகேஸ்வரிக்கு.

பேங்காக் மாநாட்டில் ஒருவர் அவளிடம் வந்து, டாக்டர் பழனியப்பன் வரவில்லையா என்று விசாரித்தார். டாக்டர் பழனியப்பன் அப்போது கிள்ளானில் பழைய லோரி ஒன்றின் டயரை எட்டி உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* இரண்டாம் முறை டிங்கி வரும்போது சிலருக்கு மட்டும் உடம்பே உடம்புக்கு எதிராக ஏன் திரும்புகிறது என்பது அவள் கேள்வி. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

3

இப்போது பேராசிரியர் பதவி உயர்வு. மூன்று பேரையும் ஒன்றாக்கச் சொல்லிவிட்டது பல்கலைக்கழகம். எந்தப் பெயரில் சேர்த்தாலும் எல்லாக் கட்டுரையும் கணக்கில் வரும், ஆனால் ஒரு பெயர்தான் நிற்கும். வெள்ளிக்கிழமைக்குள் கணினியில் பொத்தானை அழுத்தியாக வேண்டும்.

அவளுக்குத் தன் பெயர் வேண்டும். ரொம்ப நாளாகவே வேண்டும். ஆனால் கிள்ளான் காப்பிக் கடையில் அப்பா தினமும் தன் பெயர் அமெரிக்கா வரை போன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரத்தப் பரிசோதனைத் தாளை அவரிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். அந்த மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது?

(இங்கே அப்பாவைக் கொஞ்சம் முரடராக்கிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால் ஒட்டவே இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப இனிமே என் பேரு வராதா?"

"பழைய கட்டுரையில இருக்கும்பா. அத யாரும் அழிக்க முடியாது. புதுசுல என் பேரு போடலாமான்னு பாக்கறேன்."

சமையலறையிலிருந்து அம்மா லெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ பொறந்தப்ப உங்கப்பா பினாங்குல லோரியோட நிக்கறாரு. என்ன பேருன்னு ஆஸ்பத்திரி மிஸ்ஸி கேட்டா. நான்தான் சொன்னேன். இந்த வீட்ல நான் வெச்ச பேரு அது ஒண்ணுதான்."

அப்பா சிரித்துவிட்டார். "சரி லா. என் பேரு ஊரு சுத்துனது போதும். உங்கம்மா வெச்சத அனுப்பு."

4

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன்.

(அ) அவள் தன் பெயரை அழுத்துகிறாள். அப்பா காப்பிக் கடையில், அந்த லோகேஸ்வரியும் தன் மகள்தான் என்று புதுக்கதை ஆரம்பிக்கிறார்.

(ஆ) அப்பா அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததாலேயே அவளுக்கு மனம் வரவில்லை. பழனியப்பனே நிற்கிறார். அம்மா மறுபடியும் சமையலறைக்குப்

புதன்கிழமை அதே கடையில் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"ரெண்டும் நல்லாருக்கு அக்கா. ஆனா என் பேரை ஏன் மாத்திட்டீங்க?"

"பதவி உயர்வு நேரத்துல உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்மா."

"அப்ப இதுலயும் நான் இல்ல" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. லோகேஸ்வரி நான் வைத்த பெயர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் அம்மா சொன்னது வேறு. அந்த வீட்டில் அந்த அம்மாள் வைத்த ஒரே பெயரை நானும் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

5

அதனால் முடிவை நான் எழுதப் போவதில்லை. வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை, பொத்தான் அவள் கையில். உண்மைப் பெயரைச் சொல்லவும் எனக்கு அனுமதி கிடையாது.

நீங்கள் ஒன்று செய்யலாம். இன்னொரு முறை படிக்கும்போது, நான் லோகேஸ்வரி என்று எழுதிய இடத்திலெல்லாம் உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயரைப் போட்டுப் படியுங்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று மட்டுமே நீங்கள் சொல்லிப் பழகிய யாராவது ஒருத்தி இருப்பாள். பெயர் தெரியவில்லையென்றால், போய்க் கேளுங்கள்.