ஞாயிற்றுக்கிழமை வந்தவன்

வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் அந்த ஆபீஸ் முதலாளிக்குத் தெருவில் 'சுத்தக்காரர்' என்று பெயர். மேஜைமேல் ஒரு பென்சில் கோணலாகக் கிடந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை. ஹார்ட் டிஸ்கில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளைப் பொறுக்கி ஒழுங்காக அடுக்கும் டீஃப்ராக் வேலையை, ஞாயிறு மதியம் தானாக ஓடும்படி என்றைக்கோ அமைத்துவிட்டார். அப்புறம் அதை அடியோடு மறந்தும் போனார். ஞாயிறு மதியம் அவர் தூங்குகிற நேரம்.

அவருடைய மைத்துனனும் அங்கேதான் படம் வரைகிறான். மனைவிக்கு ஒரே தம்பி. போன மாதம் அவன் ஒரு பேக்கப் மென்பொருளைக் கொண்டுவந்து போட்டான். டிஸ்கில் எது மாறினாலும் உடனுக்குடன் இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து வைத்துவிடும். போடுகிறபோதே கேட்டான்.

"இதுல தானா ஓடுற மாதிரி வேற ஏதாவது வெச்சிருக்கீங்களா மாமா?"

"என் மெஷின்ல எனக்குத் தெரியாம என்னடா ஓடும்?"

அடுத்த திங்கட்கிழமையே வினை ஆரம்பித்தது. ஞாயிறன்று டிஸ்கில் பாதிக்குமேல் மாறியிருப்பதாகவும், அத்தனையையும் நகலெடுத்துவிட்டதாகவும் திரையில் செய்தி. பூட்டிக் கிடந்த ஆபீசில் யார் மாற்றியது? அடுத்த வாரமும் அதே செய்தி. சாவி சுத்தக்காரரிடமும் மைத்துனனிடமும் மட்டும்தான் இருந்தது.

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒரு கோடுகூட மாறவில்லை, தேதியும் மாறவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகப் போயிருப்பார்கள். இவரோ, 'தேதியைக்கூட மாத்தாம வேலை பண்ணியிருக்கான், கைகாரன்' என்று முடிவு கட்டினார். சந்தேகம் பிடித்துவிட்டால் பிறகு எல்லாமே அதற்குச் சாட்சிதான். எதிர் ஆபீஸ்காரனோடு மைத்துனன் டீ குடித்தது சாட்சி. அந்த எதிர் ஆபீஸ்காரன் வரைந்த ஒரு வாசல் முகப்பு தங்களுடையதைப் போலவே இருந்தது இன்னொரு சாட்சி. உலகத்தில் எல்லா வாசலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

பூட்டு மாற்றப் போவதாக ஏதோ சாக்குச் சொல்லி அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். மனைவியிடம் மட்டும் விஷயத்தை உடைத்தார்.

"நம்ம படத்தையெல்லாம் வெளியில விக்கிறான் உன் தம்பி."

"நிச்சயமா தெரியுமா?"

"மெஷின் பொய் சொல்லுமா?"

ஞாயிறன்று அவரே ஆபீசுக்குப் போய் உள்ளிருந்து சாவியால் பூட்டிக்கொண்டு, படச்சுருள் அலமாரிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கள்ளச் சாவி வைத்திருந்து வந்தானென்றால் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். மின்விசிறிகூடப் போடவில்லை. வேர்த்துக் கொட்டியது. வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை அடக்கினார். எல்லாச் செருப்புகளும் தாண்டிப் போய்விட்டன.

அப்போது கம்ப்யூட்டர் தானாக உறுமத் தொடங்கியது. எழுந்து ஓடிப்போய்த் திரையைப் போட்டார். அவருடைய டீஃப்ராக் துண்டுகளை இங்கிருந்து அங்கே நகர்த்தி அடுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பேக்கப், இடம் மாறிய ஒவ்வொன்றையும் புதிதாக முளைத்ததென்று நினைத்து மாய்ந்து மாய்ந்து நகலெடுத்துக்கொண்டிருந்தது. பீரோவை நகர்த்தி வைத்ததும் புதுப் பீரோ வாங்கிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவனைப் போல.

சுத்தக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவமானத்தில் காது சுட்டது. அப்புறம் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை வந்து படத்தையெல்லாம் எடுக்கிறது நீதான்னு நெனச்சேன், அது நீ இல்லடா. நான் வெச்ச டீஃப்ராக்தான். இப்பத்தான் கண்ணால பாத்தேன்."

"அப்பவே கேட்டேனே மாமா." அவன் குரலில் கோபம் இல்லை.

"தப்பு என் பேர்லதான். நாளைக்கு வந்து சாவிய வாங்கிக்கோ."

"நீங்க சந்தேகப்பட்டீங்க, அது பரவாயில்ல. காலையில அக்கா போன் பண்ணா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. இனிமே வீட்டுப் பக்கம் வராதன்னு மட்டும் சொன்னா. ஆபீசுக்கும் நான் வரல மாமா."

வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தம்பியோடு சின்ன வயதில் எடுத்த படம் சுவரில் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

"ஆள் மாட்டினானா?" என்று கேட்டாள்.

சுத்தக்காரர் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைக்கக்கூடத் தோன்றவில்லை.