முத்திரை இல்லாத படிக்கல்

மரக்காணத்தில் யூசுப் பாயின் நிதானத்தைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. உப்பு வியாபாரி. உப்பளத்திலிருந்து வண்டி ஏறும் ஒவ்வொரு மூட்டையையும் பக்கத்தில் நின்று நிறுக்கச் சொல்வார். செருப்பைக் கவிழ்த்துத் தட்டாமல் காலில் மாட்ட மாட்டார், தேள் இருக்குமாம். இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவருடைய அத்தா விட்டுப்போன ரைபிள் ஒன்று லைசென்ஸோடு இருந்தது. கழுவெளி ஏரிப் பக்கத்துக் கொல்லைகளில் காட்டுப்பன்றி புகுந்து மல்லாட்டைக் கடலையைத் தோண்டிப் போட்டால், குடியானவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

எழுபத்து நாலில் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தது. மெட்ராஸ் கடைக்காரன் அடுத்த மாசம் என்றான். அடுத்த மாசமும் அதையே சொன்னான். சுட்டு மீந்த பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று பாய் ஒரு புத்தகத்தில் படித்தார். அதற்கான அனுமதி, கருவி, வெடிமருந்து எல்லாவற்றையும் அலைந்து சேர்த்தார். மருந்து கொடுத்தவன், "ஒரே கரண்டியால அளந்து போடுங்க பாய், போதும்" என்றான். பாய்க்கு மனசு ஒப்பவில்லை. கரண்டியில் மருந்து ஒரு தடவை தளர்வாக விழும், ஒரு தடவை அழுந்தி விழும். குறைந்தால் பன்றி தப்பிக்கும். கூடினால் சுடுகிறவன் தப்ப மாட்டான்.

ஆகவே தராசு தேட ஆரம்பித்தார். அவருடைய மண்டியில் இருந்தது மூட்டை நிறுக்கும் தராசு, அதை எடுத்துப் பேசவே வேண்டாம். தபாலாபீஸ் தராசு ஸ்டாம்ப் ஒட்டத்தான் லாயக்கு. மருந்துக் கடைக் கம்பவுண்டரின் சின்னத் தராசை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார். ஒரே பொடியை மூன்று தடவை நிறுத்தால் மூன்று எடை சொன்னது. உப்புக்காற்றில் அச்சு துருவேறிக் கிடந்தது. "என் மருந்துக்கு இது போதும் பாய், ஜுரம் எப்படியும் எறங்கிடும்" என்று சிரித்தார் கம்பவுண்டர். "என் மருந்துக்குப் போதாது" என்று பாய் எழுந்துவிட்டார்.

கடைசியில் மிஞ்சியது தட்சணாமூர்த்திப் பத்தரின் தராசு. கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் பொன் தராசு. கடல்காற்று உள்ளே நுழையாது, மூச்சு விட்டால்கூட முள் ஆடாது. அனுமந்தையிலிருந்து எக்கியார்குப்பம் வரை, குப்பத்துப் பெண்கள் வலைக்கும் படகுக்கும் என்று கழற்றிய நகைகளெல்லாம் அந்தத் தட்டில் ஏறி இறங்கியவைதான்.

ஏறிய நகை எவ்வளவு, இறங்கும்போது பத்தர் சொன்னது எவ்வளவு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அரசாங்கத்தின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து பட்டறை அணைந்து, அவர் வீட்டில் கஞ்சிக்கே வழியில்லாமல் போன காலத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். எடை வைக்கும் படிக்கற்களில் இரண்டாவது செட் ஒன்று செய்தார். ஒவ்வொரு கல்லின் அடியிலும் குடைந்து, ஒரு குன்றிமணி எடை கூடும்படி ஈயத்தை ஊற்றி, மேலே பித்தளை வைத்து மூடினார். விற்கும்போது முத்திரை குத்திய கல், வாங்கும்போது ஈயக் கல். பிறகு பட்டறை எரிய ஆரம்பித்தது, கஞ்சி சோறாயிற்று. ஈயக் கல் மட்டும் இழுப்பறையை விட்டுப் போகவில்லை. பசிக்குத் திருடியவனை மன்னித்துவிடலாம். பசி போன பிறகும் அந்தக் கையே பழகிப்போனவனை என்ன செய்வது?

பாய் தராசு கேட்டு வந்த அன்று பத்தர் ஊரில் இல்லை. படிக்கற்களுக்கு அந்த வருஷ முத்திரை குத்த வானூர் போயிருந்தார். நல்ல கற்களைத்தான் எடுத்துப் போயிருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கியவரிடம் மனைவி வசந்தா சொன்னாள்: "யூசுப் பாய் தராசு கேட்டு வந்தாருங்க. ஏதோ துப்பாக்கி மருந்து நிறுக்கணுமாம். நல்ல மனுசன், வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு குடுத்து வுட்டேன்."

"கல்லு? கல்லுதான் எங்கிட்ட இருக்குதே?"

"இழுப்பறையில ஒரு பெட்டி இருந்துச்சே, அதான்."

ஈயக் கல்லில் நிறுத்தால் மருந்து கூடுதலாக விழும் என்று பத்தருக்கு உடனே புரிந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினார். அளத்து வரப்பில் வெயில் கண்ணைக் குத்தியது. கல்லை மாற்றிவிட்டால் போதும், ஒருவருக்கும் தெரியாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

பாயின் கிடங்கில் வேலை முடிந்திருந்தது. விரித்த செய்தித்தாளில் தோட்டாக்கள் வரிசையாக நின்றன. பாய் எதிரே அனுமந்தை சகாதேவன் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். போன ஐப்பசியில் வலை வாங்குவதற்காகத் தன் பெண்டாட்டியின் அட்டிகையைப் பத்தரிடம் விற்றவன்.

"வாங்க பத்தரே! தராசுன்னா இதான் தராசு. வெறும் தட்டை ஆட விட்டுப் பார்த்தேன், முள்ளு நேரா வந்து நிக்குது. அந்த நம்பிக்கையிலதான் புத்தகத்துல கடைசி வரம்புன்னு போட்ட அளவையே போட்டிருக்கேன். பன்னிக்கு அப்படி இருந்தாத்தான் சரி."

பத்தர் தராசுக்குப் பக்கத்திலிருந்த கல்லுப் பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். முத்திரை குத்தி வந்த பெட்டியை நீட்டினார். "அது பழைய கல்லு பாய். முத்திரை இல்லாதது. வூட்ல தெரியாம குடுத்துட்டாங்க."

பாயின் முகம் மாறியது. "ஏன், எடையில வித்தியாசம் வருமா?"

"அதில்லே... எதுக்கும் ஒரு தடவை பிரிச்சு, இந்தக் கல்லுல நிறுத்துப் போட்டீங்கன்னா..."

"பத்தரே, வித்தியாசம் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே எல்லாத்தையும் பிரிச்சுடறேன். எனக்கு அதுல சோம்பல் இல்ல."

சகாதேவன் தலையைத் தூக்கிப் பத்தரைப் பார்த்தான். "இன்னா பத்தரே, அந்தக் கல்லுலதான எங்க நகையெல்லாம் நிறுத்தீங்க?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் பத்தர் காதில் ஒரு குப்பமே திரண்டு வந்து கேட்டது. ஒரு வார்த்தை சொன்னால் பாய் பிழைப்பார். அதே வார்த்தையில் பொழுது சாய்வதற்குள் தன் பட்டறை வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள், வசந்தா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள் என்பதெல்லாம் தெரிந்தது.

"வித்தியாசமெல்லாம் ஒண்ணும் இல்ல பாய்," என்றார் பத்தர். "சும்மா சொன்னேன்."

"அப்ப சரி" என்று சிரித்தார் பாய். அவ்வளவுதான். ஊரெல்லாம் தேடி ஒரு தராசைக் கண்டுபிடித்த மனிதர், தராசுக்காரரின் சொல்லையும் அதோடு சேர்த்து நம்பிவிட்டார்.

தராசையும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் ஈயக் கற்களை ஒவ்வொன்றாகப் பக்கிங்காம் கால்வாயில் போட்டார் பத்தர். சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்து, ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் இருந்தார். கழுவெளிப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பாய் நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருக்கிறார், நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று பத்தருக்கு மூச்சு வந்தது. வசந்தாவிடம் காப்பி கேட்டார். காப்பி வருவதற்குள் மூன்றாவது சத்தம் கேட்டது. அது வெடித்த சத்தமாக இல்லை, எதுவோ உடைந்த சத்தமாக இருந்தது.

ரைபிளின் பின்பக்கம் பிளந்து இரும்பு பாயின் முகத்தில் ஏறியிருந்தது. வலது கண் அங்கேயே போய்விட்டது. மாட்டு வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள்.

போலீஸ் வந்து தராசையும் கல்லையும் கேட்டது. பத்தர் முத்திரை குத்திய பெட்டியைக் கொடுத்தார். எடை சுத்தமாக இருந்தது. வேலையத்த வேலை, தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டில் செய்வார்களா என்று ஊர் பாயைத் திட்டியது. பாயே ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்: "தராசு மேல தப்பில்ல. என் கைதான் எங்கியோ தவறிடுச்சு." சகாதேவன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னான், பத்தர் வேகாத வெயிலில் ஓடி வந்து எச்சரித்தார், பாய்தான் கேட்கவில்லை என்று. பத்தரின் பேர் முன்னைவிட ஓங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பாயின் மனைவி பஷீரா பட்டறைக்கு வந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு வளையல்களை எடுத்து வைத்தாள்.

"இன்னொரு கண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சமா பார்வை கொறையுதாம் பத்தரே. மெட்ராஸுக்குக் கூட்டிப் போவச் சொல்றாங்க. போன நோம்புக்கு இதை வித்துடலாம்னு கொண்டாந்தப்ப நீங்கதான் நிறுத்தீங்க. மூணு பவுனுக்கு நாலு குண்டுமணி கொறச்சல்னீங்க. அப்புறம் மனசு வரல, எடுத்துட்டுப் போயிட்டேன்."

பத்தர் வளையல்களைத் தட்டில் வைத்தார். மறு தட்டில் முத்திரை குத்திய கற்கள். முள் நேராக நின்றது. மூன்று பவுன், ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று என்று சொன்னால் இவளுக்கு நியாயம் கிடைத்துவிடும். அடுத்த நிமிஷமே இவள் கேட்பாள்: பீரோவில் கிடந்த வளையல் எப்படி வளர்ந்தது? அந்தக் கேள்வி பாயின் காதுக்குப் போகும். அந்த நிதானமான மனிதர் படுத்த படுக்கையிலேயே கணக்குப் போட்டு முடித்துவிடுவார்.

"மூணு பவுனுக்கு நாலு குண்டுமணி கொறச்சல்" என்றார் பத்தர்.

"அப்ப சொன்னதேதான்," என்றாள் பஷீரா. "பத்தர் சொன்னா மறுபேச்சு வேணாம், வாங்கிட்டு வான்னுதான் அனுப்பினாரு."

பத்தர் கல்லாவைத் திறந்தார். கணக்குக்கு உண்டானதை வைத்துவிட்டு, அதன் மேல் இன்னும் சில நோட்டுகளை வைத்து நீட்டினார். "வச்சுக்கம்மா. ஆஸ்பத்திரி செலவு, கூடக் கொறைய ஆவும்."

பஷீரா நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். மேலே இருந்தவற்றைத் தனியே எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"எடைக்கு உண்டானது மட்டும் போதும் பத்தரே. மேற்கொண்டு வாங்கினா அவருக்குப் பொறுக்காது."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாண்டி பஸ்ஸுக்கு நடந்தாள். பத்தர் அந்த நோட்டுகளை எடுத்துக் கல்லாவில் போட்டார்.