உப்பு என்று எழுதிய பிள்ளை

நீலாயதாட்சி வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு மூன்று வருடம் வேலைக்கு அலைந்தாள். கடைசியில் கிடைத்தது, காரைக்காலில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த அலுவலகத்தில் பிள்ளைகளின் விடைகளைத் திருத்தும் வேலை. தினமும் விழிதியூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனாள். அவளுடைய அப்பா அம்பலவாணன், "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல வாத்தியாரம்மா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைகளை அவள் பார்த்ததே இல்லை. செல்போனில் பாடம் படிக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ எழுதுவது திரையில் வரும். பெயர் இருக்காது, ஓர் எண் இருக்கும். சரி அல்லது தவறு என்று அவள் குறிக்க வேண்டும்; தவறென்றால் சரியான விடை அந்தப் பிள்ளையின் போனுக்குப் போகும். அதைப் பார்த்துப் பார்த்துக் கணினி தானே திருத்தப் பழகிக்கொள்ளும். ஒரே விடையை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். இருவர் குறிப்பும் நூற்றுக்குத் தொண்ணூறாவது ஒத்துப்போகாவிட்டால் மேலாளர் சோமசேகரன் கூப்பிட்டுவிடுவார்.

சித்திரை மாதத்தில் ஒரு கேள்வி வந்தது. ஆற்று நீரின் சுவை யாது? பாடம் தயாரிக்கிறவர்கள் கொடுத்திருந்த விடை: 'ஆற்று நீர் நன்னீர். அதில் உப்புச் சுவை இராது.' முப்பது நாற்பது விடைகளை மளமளவென்று தள்ளிக்கொண்டு போனவள் 4417 என்ற எண்ணில் நின்றாள்.

'வெயில் காலத்துல உப்பா இருக்கும். கடல் தண்ணி ஏறி வந்துடும். அப்பா தண்ணி எறைக்கிற இஞ்சினை நிறுத்திட்டாங்க. நாத்து கருகிடுச்சு.'

அதை இன்னொரு முறை படித்தாள். போன கோடையில் அவள் வீட்டு வயலிலும் அதேதான் நடந்தது. அந்தப் பிள்ளை இந்தக் கடற்கரைப் பக்கந்தான் எங்கோ இருக்க வேண்டும். சரி என்று குறித்தாள். அன்றைக்கு 'உப்பு' என்று எழுதியிருந்த இன்னும் பதினோரு பேருக்கும் சரி போட்டாள்.

மறுநாள் சோமசேகரன் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? உங்களோட திருத்துனவங்க பன்னெண்டையும் தவறுன்னு போட்டிருக்காங்க. எம்பத்தஞ்சுக்கு எறங்கிட்டீங்க."

"சார், அந்தப் பிள்ளைங்க எழுதுனது உண்மைங்க. எங்க ஊருல வந்து ஆத்துத் தண்ணிய வாயில ஊத்திப் பாருங்க."

"உண்மை இல்லேன்னா சொன்னேன்? நான் பக்கத்து நெரவிக்காரன், எனக்குத் தெரியாதா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விடையை எழுதுறது நாம இல்ல. ரெண்டு பேரு குறிப்பு மாறுனா மிஷின் குழம்பிடும். மாத்திடுங்க. பழைய ஆளை அனுப்பிட்டுப் புது ஆளு எடுக்கறாங்க, உங்க பேரு அதுல அடிபட வேணாம்."

அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் மாற்றினாள். பன்னிரண்டு முறை அழுத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே பாடத்துக்கு மறுதேர்வு வந்தது. இந்த முறை கணினியே திருத்தியிருந்தது. பார்த்து ஒப்புக்கொள்வது மட்டுந்தான் அவள் வேலை. நடுவில் 4417 வந்தது.

'ஆற்று நீர் நன்னீர். அதில் உப்புச் சுவை இராது.'

பக்கத்தில் பச்சை நிறத்தில் 'சரி', கூடவே ஒரு நட்சத்திரம். இஞ்சின் இல்லை, நாற்று இல்லை, அப்பா இல்லை. அவளால் பொத்தானை அழுத்த முடியவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த பட்டினத்துப் பெண் ஷிஃபா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, சரியாத்தானே எழுதியிருக்கு?"

"நாமதான் புள்ள, அப்படி எழுத வச்சோம்."

ஷிஃபாவுக்கு விளங்கவில்லை. நீலாயதாட்சி ஆதியிலிருந்து சொன்னதும், "அல்லாவே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை நீலாயதாட்சி தன் ஊர் ஆற்றில் இறங்கி ஒரு போத்தலில் தண்ணீர் மொண்டாள். தான் படித்த கல்லூரியின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், பழைய பேராசிரியையிடம் கேட்டுக்கொண்டு உப்பின் அளவைத் தானே பார்த்தாள். அளவையும், ஆற்றின் பெயரையும், கடல் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது என்பதையும் எழுதி, பாடம் தயாரிக்கிறவர்களுக்கு அனுப்பினாள். வெகுநாளைக்குப் பிறகு, படித்த படிப்பு கைக்கு வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

நான்காம் நாள் இரண்டு வரியில் பதில் வந்தது. விடைகள் பாடநூலின்படியே அமையும். தங்கள் அக்கறைக்கு நன்றி.

அதன் நகல் சோமசேகரனுக்கும் போயிருந்தது. அவர் திட்டவில்லை.

"திங்கக்கெழமையிலேர்ந்து இங்கிலீஷ் இலக்கணத்துக்கு மாறிக்குங்க. அதுல யாரு ஊரு தண்ணியும் வராது."

"மாட்டேன்னா சார்?"

அவர் மேசையில் கிடந்த, புதிதாக வேலை கேட்டு வந்த விண்ணப்பத் தாள்களை அடுக்கினார். அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா, பாடமெல்லாம் நல்லா நடக்குதா?" என்று கேட்டார். இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள்.

"அடேயப்பா!" என்று அவர் அம்மாவைக் கூப்பிட்டார். "கேட்டியா, இங்கிலீஷாம்!"

அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் காணச் சகிக்காமல், அவள் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.