தலைகீழாய் வைத்த சேறு

நுண்ணோக்கியிலிருந்து அவள் கண்ணை எடுத்தாள். முந்நூறு மகரந்தத் துகள்களை எண்ணி முடித்துவிட்டாள். சதுப்புச் சேற்றில் அடியில் இருப்பதுதான் பழசு; இதிலோ அடியில் புல், மேலே காட்டு மரம். பக்கத்துக் குழியில் எடுத்த சேறோ நேர்மாறாகச் சொல்லியிருந்தது: நாலாயிரம் வருஷத்துக்கு முன் அடர்ந்த காடு, அப்புறம் மழை குறைந்து வெறும் புல்வெளி. இருபதடி தள்ளி மட்டும் மழை வேறு மாதிரி பெய்திருக்குமா என்ன?

தப்பு எங்கே என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சதுப்பில் குழாயை இறக்கிச் சேற்றை உருளையாக எடுப்பவர் டிரைவர் அண்ணன். மேல்முனையில் சிவப்புக் கயிறு கட்டித்தான் கொண்டுவருவார். இரண்டு மாதத்துக்கு முன், அந்தக் கயிற்றை இவள் அறுத்துப் போட்ட நேரம் பார்த்து மகளின் பள்ளியிலிருந்து போன். பேசிவிட்டு வந்து பார்த்தால் எது தலை, எது கால்? சேற்றுக்கு முகமா இருக்கிறது? அண்ணன் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினொரு வருஷமாகத் தப்பே செய்யாதவள், பட்டப்பெயரே 'பூதக்கண்ணாடி', அவள் போய்க் கேட்பாளா? குத்துமதிப்பாக ஒரு முனையில் 'மேல்' என்று சீட்டை ஒட்டிவிட்டாள்.

பேராசிரியை முடிவுகளைப் பார்த்ததும், "இது சதுப்புலயே மாத்திக் கட்டினது. பூதக்கண்ணாடி கையில தப்பு வராது" என்றார். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மனுஷன் சண்டையாவது போட்டிருக்கக் கூடாதா! "இருக்கும் மேடம், வயசாகுதில்ல" என்று தலையைச் சொறிந்தார். அடுத்த பயணத்துக்கு வேறு ஆள் என்று முடிவானது. இவள் பக்கத்தில்தான் நின்றாள்.

மறுநாள், சதுப்பில் இறங்கப் போடும் பூட்ஸை ஒப்படைக்க வந்த அண்ணன் தயங்கித் தயங்கி நின்றார்.

"தங்கச்சி, மேல்பக்கம் கட்டினதாத்தான் எனக்கு ஞாபகம். எங்கப்பா கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு. அதே வியாதி எனக்கும் வந்துடுச்சோன்னு வீட்ல ஒரே அழுகை. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

பெயர் போய்விடுமே என்று இவள் பயந்துகொண்டிருக்க, இவர் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

"நீங்க சரியாத்தான் கட்டினீங்கண்ணே. திருப்பி வச்சது நான்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"நெஜமாவா? அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா? நீ நல்லாயிருக்கணும்மா!" பூட்ஸை அவள் கையில் திணித்துவிட்டு அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார். "ஏய், எனக்கு ஒண்ணுமில்லடி! அழாத!"

அந்த வாழ்த்தைக் கேட்டு அவள் கூனிக்குறுகிப் போனாள்.

சத்தம் கேட்டுப் பேராசிரியை கதவைத் திறந்தார். "என்ன, ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க போல?"

அண்ணன் போனைப் பைக்குள் போட்டார். இவளை ஒரு தடவை பார்த்தார். "வீட்டு விஷயம் மேடம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

பேராசிரியை கதவைப் பிடித்தபடியே நின்றார். "நீ ஏதாவது சொல்லணுமா?"

சேறு காய்ந்து உதிரும் பூட்ஸை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவள் நின்றுகொண்டிருந்தாள்.