மூன்று பேருக்கு அளந்த வீடு

அந்த வீட்டுக்குள் நான்காவதாக ஒருவர் நுழைந்தால், உள்ளே இருக்கும் மூவரில் ஒருவர் அந்த நொடியே தெருவில் நிற்பார். அடி படாது, சட்டை கசங்காது. கையில் டீ டம்ளர் இருந்தால் அதுவும் சிந்தாமல் கூடவே வந்துவிடும். வந்தவர் கிளம்பியதும் நின்றவர் பழையபடி உள்ளே இருப்பார். முதல் மாதம் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. இரண்டாம் வருடம் மீட்டர் பார்க்க வருகிறவர், “இன்னிக்கு யாரு வெளிய?” என்று விசாரித்துவிட்டு உள்ளே போகப் பழகியிருந்தார்.

வாங்கியவர் தையல்காரர். வீடு பார்த்த விதத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. மழை நாளில் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்தார். உச்சி வெயிலில் ஒருமுறை வந்தார், பக்கத்து வீட்டில் பேச்சுக் கொடுத்து ஆட்களை எடை போட்டார், பத்திரத்தை வக்கீலிடம் காட்டினார். கடைசியாக இஞ்சு டேப்பை எடுத்து அறை அறையாக அளந்தார். அவர் தைக்கும் சட்டையில் உள்தையலுக்கு மேல் ஒரு விரற்கடைத் துணி இருக்காது. பின்னால் பிரித்துவிடத் துணி விடுவது அளவெடுக்கத் தெரியாதவன் வேலை என்பார்.

தரகர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். “மொத்தம் எத்தன பேரு சார்?”

“மூணு.”

மாடிப்படியில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் கணக்கில் நாலு. மூத்த மகள் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய் அப்போது ஐந்து மாதம். அவள் பேச்சை எடுத்தாலே அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதனால் மனைவி வாயை மூடிக்கொண்டாள். வீடு காதில் போட்டுக்கொண்டது.

ஆறு வருடம் ஓடியது. இளையவள் படிப்பை முடித்து வேலைக்குப் போனாள். சொந்தக்காரர்கள் வந்தால் முறை வைத்துத் தெருவில் நின்றார்கள். வீடு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறதென்று தையல்காரருக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. மனைவி மட்டும் மணி அடித்தபோதெல்லாம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள், பாவம்.

ஒரு ஞாயிறு காலை மூத்தவளே நின்றாள், நிறைமாத வயிற்றோடு. அம்மா கையைப் பிடித்து அவள் உள்ளே கால் வைத்ததும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த தையல்காரர் பேப்பரோடு தெருவில் நின்றார். பக்கத்தில் பையோடு மாப்பிள்ளை. இருவரும் மின்கம்பத்தைப் பார்த்தார்கள்.

“அப்பாவ வெளிய நிக்க வெச்சுட்டு நான் எப்படிம்மா உள்ள இருக்கிறது? நாங்க கிளம்பறோம்.” மூத்தவள் வெளியே வந்தாள். அவர் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார்.

அவள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கல்லூரிக்குப் போகையில் அவர் தைத்துக்கொடுத்த பூப்போட்ட சட்டை. பிரித்துவிட உள்ளே துணி இல்லை. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் பட்டை வைத்துக் கையால் ஒட்டுப் போட்டிருந்தாள். தையல் கோணலாக இருந்தது. இத்தனை வருடம் அவருக்கு வராத அழுகை அப்போது வந்தது.

“நாலு பேரு!” என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். “நாங்க மொத்தம் நாலு பேரு!”

“மாப்பிள்ளைய எங்க விட்டீங்க?” என்றாள் மனைவி. “வயித்துல இருக்கிறத எங்க விட்டீங்க?”

“ஆறு,” என்றார் தையல்காரர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த நொடி ஆறு பேரும் உள்ளே இருந்தார்கள். தெருவில் மாப்பிள்ளையின் செருப்பைத் தவிர ஒன்றும் நிற்கவில்லை. பிறகு நகராட்சியிலிருந்து வந்து அளந்தவர் வெளிச்சுவரின் அகலம் பழைய முப்பதடிதான் என்று எழுதிக்கொண்டு போனார். உள்ளே யாரும் அளக்கவில்லை. தையல்காரர் இப்போது எல்லாச் சட்டைக்கும் உள்ளே இரண்டு இஞ்சு விடுகிறார், உறுத்துகிறதென்று வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த ஊரில் வீடு வாங்கப் போகிறவர்களிடம் தரகர் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருவரும் சட்டென்று பதில் சொல்வதில்லை. மனைவியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.